எஜமான் இல்லாத பிணம், ஓனர் இல்லாத படம்: ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இன்னும் நம்மள ஏன் விடல

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல விளம்பரப் படம் எடுத்துப் பொழச்சுட்டு இருந்த சில பசங்க 1967ல கையில இருந்த காசு, தெரிஞ்சவன் தெரியாதவன் கிட்ட வாங்கின காசு எல்லாத்தையும் போட்டு ஒரு பேய்ப் படம் எடுத்தாங்க, பிளாக் அண்ட் ஒயிட், ஸ்டார்னு ஒருத்தர் கூட கிடையாது, மொத்தச் செலவு சுமாரா 1,14,000 டாலர், 1968 அக்டோபர் 1ஆம் தேதி அதே ஊர்ல ஃபுல்டன் தியேட்டர்ல முதல் ஷோ. அதுக்கப்புறம் அந்தப் படம் அடங்கவே இல்ல. இங்க தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல, இந்தியர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் இருக்கிற எங்க கூட்டத்துக்குள்ளயே அந்தப் படத்த சீன் சீனா சொல்ற ஆளுங்க இருக்காங்க, அதுல சில பேர் பிறக்கிறதுக்கு முன்னாடியே டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோ அதோட மூணாவது பாகம் வரைக்கும் முடிச்சுட்டாரு. ஒரு பழைய படம், பாட்டு கிடையாது, நம்ம ஊர் முகம் ஒண்ணு கூட கிடையாது, அது எப்படி இவ்வளவு வருஷமா ஆளுங்கள பிடிச்சு வச்சிருக்குன்னு பல பேர் கேக்குறாங்க.

என்னோட பதில் இதுதான். அந்தப் படத்துல ரெண்டு விஷயம் எஜமான இழந்துச்சு. படத்துக்குள்ள நடக்கிற பிணங்களுக்கு எஜமான் இல்லாம போச்சு, வெளிய அந்தப் படத்துக்கே ஓனர் இல்லாம போச்சு. முதலாவது ரொமேரோ யோசிச்சுச் செஞ்சது, ரெண்டாவது ஒரு கவனக்குறைவு. ரெண்டும் சேர்ந்துதான் படம் ரசிகர்கள் கையில வந்து விழுந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல உக்காந்து, அதுவும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வழியில பொறந்துட்டு, இதப் பாக்குறப்போ இந்த எஜமான் விஷயம் வேற மாதிரி உறைக்கும், அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

கதை தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். பார்ப்ராவும் அவ அண்ணன் ஜானியும் அப்பா கல்லறையில மலர் வளையம் வைக்க ரொம்ப தூரம் கார்ல வர்றாங்க, அங்க தள்ளாடி நடந்து வர்ற ஒருத்தன் தங்கச்சியப் பிடிக்கிறான், தடுக்கப் போன அண்ணன் கல்லுல மண்டை அடிபட்டு விழறான், அவ ஓடிப்போய் ஒரு பண்ணை வீட்டுக்குள்ள பூந்துக்கிறா. பென் அப்படின்னு ஒரு கறுப்பின இளைஞன் அங்க வந்து சேர்றான். வீட்டோட செல்லாருக்குள்ள, அதாவது நிலவறையில, ஏற்கனவே கூப்பர்னு ஒருத்தன் பொண்டாட்டி, காயம்பட்ட மகளோட ஒளிஞ்சிருக்கான், கூட ஒரு இளம் ஜோடி. வெளிய செத்தவங்க எழுந்து வந்து உயிரோட இருக்கிறவங்கள தின்னுட்டு இருக்காங்க. ஒரு ராத்திரி. அவ்வளவுதான் கதை.

இப்போ அந்தப் பிணங்கள் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும், ஏன்னா ரொமேரோவுக்கு முன்னாடி சினிமாவுல வந்த ஸோம்பி, அதாவது எழுந்து நடக்கிற பிணம், வேற ஜாதி. அது கரீபியன் கடல்ல இருக்கிற ஹெய்ட்டி நாட்டுல இருந்து வந்தது. அங்க சொல்ற கதையில ஸோம்பின்னா ஆள் தின்னி கிடையாது, அது ஒரு கூலி. செத்துப் புதைச்சவன மந்திரவாதி எழுப்பி, வாய் பேசாம, கூலி கேக்காம, கரும்புக் காட்டுல வேலை வாங்குவான். 1929ல வில்லியம் சீப்ரூக்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் ஹெய்ட்டி பத்தி எழுதின புத்தகத்துல செத்தவங்க கரும்புத் தோட்டத்துல வேலை செய்யறதப் பத்தி தனியா ஒரு அத்தியாயமே வச்சாரு, அப்போ அந்த நாடு அமெரிக்க ராணுவத்தோட பிடியில இருந்துச்சு. 1932ல பெலா லுகோசி நடிச்ச ‘ஒயிட் ஸோம்பி’ வந்துச்சு, அதுல ஒரு சீன் இருக்கு, மறக்கவே முடியாது: சர்க்கரை மில்லுக்குள்ள வரிசையா ஆளுங்க கூடையச் சுமந்துட்டு நடக்குறாங்க, ஒருத்தன் தடுமாறி அரவை இயந்திரத்துக்குள்ள விழறான், மத்தவங்க யாரும் திரும்பிக் கூடப் பாக்கல, செக்கு சுத்திக்கிட்டே இருக்கு.

அந்த ஹெய்ட்டி நம்பிக்கையில இன்னொண்ணு உண்டு. ஸோம்பிக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போடணுமாம், நாக்குல உப்பு பட்டுச்சுன்னா தான் செத்தவன்னு அதுக்கு நினைவு வந்து, வேலையப் போட்டுட்டு நேரா கல்லறைக்கு நடந்து போயிடுமாம். நம்ம வீட்டுல திட்டும்போது சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியான்னு கேப்பாங்கல்ல, அத நினைச்சுப் பாருங்க. கடல் தாண்டி ரெண்டு ஜனம், சம்பந்தமே இல்லாம, சொரணைய உப்புலதான் வச்சிருக்காங்க.

டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்கு நம்ம ஆளுங்க வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்துச்சு, 1911 வரைக்கும் சுமாரா ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலியா வந்தாங்க, பெரும்பகுதி கரும்புக்குத்தான். மாசம் 10 ஷில்லிங் சம்பளம், அஞ்சு வருஷ ஒப்பந்தம், எஸ்டேட்ட விட்டு வெளிய போகணும்னா பாஸ் சீட்டு வேணும், ஆளுக்கு ஒரு நம்பர். அவங்கள ஸோம்பின்னு நான் சொல்ல வரல, சொல்லவும் கூடாது, அவங்க கோயில் கட்டினாங்க, பிள்ளைங்களப் படிக்க வச்சாங்க, 1913ல மூணு பவுண்டு வரிய எதிர்த்து வேலைநிறுத்தம் பண்ணி நேட்டால் முழுக்க ஸ்தம்பிக்க வச்சாங்க. ஆனா அந்த மில் சீனப் பாக்குறப்போ வயித்தக் கலக்கிறதுக்குக் காரணம் பேய் இல்ல. மவுண்ட் எட்ஜ்கோம், டோங்காட்னு மில் புகை பாத்து வளர்ந்தவங்க வீட்டுல ஆயாவும் தாத்தாவும் சொன்ன கதை வேற, இந்தப் படத்துல ஓடற மெஷின் அதே மெஷின்.

நம்ம பக்கத்துல ஜூலு மக்கள் கிட்டயும் இதே மாதிரி நம்பிக்கை இருக்கு. உம்கோவுன்னு சொல்லுவாங்க, சூனியக்காரன் பிணத்த எழுப்பி, பேச முடியாதபடி நாக்க அறுத்து, தனக்கு வேலைக்காரனா வச்சுக்குவான். டோக்கலோஷேங்கிற குட்டிப் பேய்க்குப் பயந்து கட்டில் காலுக்கு அடியில செங்கல் வைக்கிற பழக்கம் டர்பன்ல எல்லாருக்கும் தெரியும், உம்கோவு அந்த அளவுக்கு வெளிய பேசறது இல்ல. ஜீன் கோமரோஃப், ஜான் கோமரோஃப்னு ரெண்டு மானுடவியல் ஆய்வாளர்கள், 1990கள்ல நம்ம நாட்டோட வடமேற்கு மாகாணத்துல ஸோம்பி பத்தின பேச்சு எப்படிப் பரவுச்சுன்னு எழுதியிருக்காங்க. ஜனநாயகம் வந்தாச்சு, ஆனா இளைஞர்களுக்கு வேலை இல்ல, அப்போ ஊர்ல சில பேர் திடீர்னு பணக்காரன் ஆனா, ராத்திரில பிணங்கள வச்சு வேலை வாங்குறான்னு பேச்சு கிளம்பும். நம்ம வேலைய செத்தவன் எடுத்துக்கிறான்னு ஒரு கோபம்.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ம்க்குமேனின்னு பேர் வாங்கின குலேகானி குமாலோங்கிற மஸ்கந்தி (ஜூலு நாட்டுப்புற இசை) பாடகர் 2009 கடைசியில செத்துப் போனாரு, 2012 பிப்ரவரியில ஒருத்தன் நான்தான் அவர்னு சொல்லிட்டு நம்ம க்வாஸூலு-நேட்டால்ல அவரோட குடும்பத்து வீட்டுக்கே வந்துட்டான், இத்தனை நாள் சூனியத்துல மாட்டி ஸோம்பிகளோட குகையில அடைபட்டு இருந்தேன்னான். அவனப் பாக்க ஆயிரக்கணக்குல ஜனம் திரண்டுச்சு. பிறகு மோசடி வழக்கு போட்டாங்க. ஆனா அந்தக் கூட்டத்துல எத்தனையோ பேர் நம்பித்தான் வந்தாங்க, செத்தவன் திரும்பி வந்தா எங்க அடைபட்டு இருந்திருப்பான்னு கேட்டா இந்த மண்ணுல ரெடியா ஒரு பதில் இருக்கு.

சரி, ரொமேரோ என்ன பண்ணாரு? மந்திரவாதியத் தூக்கிட்டாரு. இதுதான் மொத்த விஷயமும். ரிச்சர்ட் மேத்தசனோட 1954 நாவல் ‘ஐ ஆம் லெஜண்ட்’ தனக்கு உந்துதல்னு அவரே பல முறை சொல்லியிருக்காரு, அதுல ஒரே ஒரு மனுசன் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க வெளிய ரத்தக் காட்டேரிகள் சுத்தி வரும். ரொமேரோவும் கூட சேர்ந்து கதை எழுதின ஜான் ருஸ்ஸோவும் அந்த முற்றுகைய எடுத்துக்கிட்டாங்க, உள்ள ஒருத்தனுக்குப் பதிலா ஒத்துப்போகாத ஏழு பேர வச்சாங்க. வெளிய நிக்கிற பிணங்களுக்கு உத்தரவு போட யாரும் இல்ல. டிவில வீனஸ் போயிட்டு வந்த விண்கலத்தோட கதிர்வீச்சுன்னு ஏதோ சொல்றாங்க, விஞ்ஞானியும் ராணுவக்காரனும் கேமரா முன்னாடியே சண்ட போட்டுக்கிறாங்க, கடைசி வரைக்கும் காரணம் உறுதியா தெரியாது. மந்திரவாதியக் கொன்னா எல்லாம் சரியாயிடும்னு இதுல சொல்ல முடியாது. அம்மன் வந்து காப்பாத்தற கிளைமாக்ஸ் கிடையாது. எதிர்ல வர்றது பக்கத்து வீட்டுக்காரன், நைட் கவுன்ல இருக்கிற ஒரு பொம்பள, கடைசில ஜானியே வர்றான், தங்கச்சிய இழுத்துட்டுப் போறான்.

அப்போ பயம் எங்க போச்சுன்னா வீட்டுக்குள்ள வந்துடுச்சு. செல்லார்ல கதவப் பூட்டிட்டு இருக்கலாம்னு கூப்பர் சொல்றான், அது பொறி, மேலயே இருந்து ஜன்னல அடைப்போம்னு பென் சொல்றான். ரசிகர்கள் அம்பது வருஷத்துக்கு மேல சண்ட போடறது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஏன்னா கூப்பர் கெட்டவன், சுயநலக்காரன், கோழை, பாத்த உடனே பிடிக்காது, பென் தைரியசாலி, நிதானமானவன், நாம முழுசா அவன் பக்கம். ஆனா படத்தோட கடைசில உயிரோட மிஞ்சினவன் பென் மட்டும்தான், மிஞ்சினது எப்படின்னா செல்லார்ல போய் கதவப் பூட்டிக்கிட்டதால. கூப்பர் சொன்னதுதான் நடந்துச்சு. சாட்ஸ்வொர்த்ல எங்களுக்கெல்லாம் மூத்த ஒரு அண்ணன், எண்பதுகள்ல வீடியோ கேசட்டுல பாத்த தலைமுறை, அவர் கிட்ட இதச் சொன்னா இன்னைக்கும் குரல் ஏறும். ‘டேய் தம்பி, அந்த ஆள் சொன்னது சரியா இருக்கலாம், ஆனா அவன் சொன்ன விதத்துல யாருடா கேப்பாங்க? கீழ போறவங்களுக்கு மட்டும் பாதுகாப்பு, மேல இருக்கிறவன் செத்தா சாகட்டும்னான். அது யோசனையா, மிரட்டலா?’ எனக்கு அண்ணன் சொல்றது சரின்னுதான் படுது, ஆனா மறுபடி படம் பாக்குறப்போ மனசு மாறும், திரும்ப மாறும். ஒரு பேய்ப் படத்துல இப்படி ஒரு முடிச்சு வைக்கிறது சாதாரண வேலை இல்ல. பேய் எப்படி வருதுன்னு ஒரு தடவை தெரிஞ்சா பயம் போயிடும், யார் சொல்றது சரிங்கிற கேள்வி மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்கும்.

படம் எடுத்த விதமும் ரசிகர்களப் பிடிச்சுக்கிச்சு. பத்து பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அந்த 6,000ல தொடங்கி மேல மேல கடன் வாங்கினாங்க. இடிக்கப் போற ஒரு பண்ணை வீடு கிடைச்சுது, அதனால ஜன்னல உடைக்கலாம் சுவத்துல ஆணி அடிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரைனர்தான் ஜானி, கூப்பரா நடிச்ச கார்ல் ஹார்ட்மனும் பங்குதாரர்தான், படத்துல அவரோட மகளா வர்ற சின்னப் பொண்ணு நிஜத்துலயும் அவரோட மகள். ரத்தம் என்னன்னா சாக்லேட் சிரப், பாஸ்கோன்னு பாட்டில்ல விக்கிறது, பிளாக் அண்ட் ஒயிட்டுல ரத்தம் மாதிரியே கெட்டியா ஓடும். பிணங்கள் பிச்சுத் திங்கிற கறி, அந்தச் சிரப்ப ஊத்தின பன்றிக்கறியும் கசாப்புக் கடைக் குடலும். அந்தச் சீன ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க: கையில எலும்போட ஒருத்தன், குடல இழுக்கிற ரெண்டு பேர், யாரும் யார் கிட்டயும் பறிக்கிற வேகம் கூட பெருசா இல்ல, நிதானமா, கல்யாணப் பந்தி முடிஞ்சு கடைசிப் பந்தில உக்காந்தவங்க மாதிரி சாப்பிடுறாங்க. அந்த நிதானம்தான் தாங்க முடியாது. எத்தனையோ பசங்க இதப் பாத்துட்டு, ஸ்டூடியோ வேண்டாம், ஒரு வீடு, நாலு ஃபிரெண்ட்ஸ், ஒரு கேமரா போதும்னு கிளம்பினாங்க. பேய்ப் படம் எடுக்க விரும்பறவனுக்கு இது பாடப் புத்தகம்.

அடுத்து அந்த ஓனர் விஷயம். படத்தோட முதல் பேரு ‘நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’. கொலம்பியா கம்பெனி கலர்ல இல்லன்னு வேண்டாம்னுடுச்சு, அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனி ஒரு காதலும் சுபமான முடிவும் கேட்டுச்சு, இவங்க மாட்டேன்னுட்டாங்க. கடைசில வால்ட்டர் ரீட் நிறுவனம் வாங்கி, டைட்டில மாத்துச்சு. பழைய டைட்டில் கார்டுல காப்பிரைட் குறி இருந்துச்சு. புது டைட்டில் கார்டு போடும்போது அந்த ஒரு வரிய விட்டுட்டாங்க. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்பிரைட் அறிவிப்பு இல்லாம படம் வெளிய போனா உரிமை போச்சு, அவ்வளவுதான், படம் பொதுச் சொத்து. 1989ல இருந்து அமெரிக்காவுல அந்த அறிவிப்பு கட்டாயம் இல்ல, ஆனா அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே இவங்க கைய விட்டுப் போயிடுச்சு. ஆரம்பத்துல கார் மலைப்பாதையில வர்றப்போ திரையில டைட்டில் விழும், அடுத்த தடவை பாக்குறப்போ அந்த ஃபிரேமோட கீழ்ப்பகுதியக் கவனிங்க, அங்க வர வேண்டிய ஒரு வரி வரல, அதனால கோடிக்கணக்குல போன பணம் எடுத்தவங்க கைக்கு வரவே இல்ல.

ரொமேரோவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அது அநியாயம், அதுல சந்தேகமே இல்ல, 1990ல கலர்ல மறுபடி எடுத்ததுக்கு ஒரு காரணமே இந்த நஷ்டம்தான். ஆனா ரசிகர்கள் பக்கம் இருந்து பாருங்க. எந்த டிவி ஸ்டேஷனும் ராத்திரி ரெண்டு மணிக்கு காசு கொடுக்காம போடலாம், எந்த கேசட் கம்பெனியும் அடிச்சு விக்கலாம், எந்த டைரக்டரும் தன் படத்துல ஓடற டிவில இதப் போடலாம், வக்கீல் நோட்டீஸ் வராது. மலிவா, மங்கலா, ஓரம் வெட்டுப்பட்டு, நூத்துக்கணக்கான காப்பி உலகம் முழுக்கப் போச்சு. எங்க அண்ணன் பாத்ததும் காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட்டுதான், முகமே சரியா தெரியாது, சத்தம் மட்டும் வரும், அதுதான் இன்னும் பயமா இருந்துச்சும்பாரு. 2009ல நூத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, ஒருத்தர் பொம்மைய வச்சு, ஒருத்தர் பென்சில்ல, படம் முழுக்க அனிமேஷன்ல மறுபடி வரைஞ்சு வெளியிட்டாங்க, ஒலி மட்டும் பழைய படத்தோடது. வேற எந்தப் பெரிய படத்துக்கும் இப்படிப் பண்ணியிருந்தா கோர்ட்டுக்கு இழுத்திருப்பாங்க. முதல் சீன் எடுத்த எவான்ஸ் சிட்டி கல்லறையில இருக்கிற சின்ன சேப்பல் பாழாகி இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்போ, ரஸ்ஸலோட தம்பி கேரி ஸ்ட்ரைனர் முன்ன நிக்க, ரசிகர்கள் காசு சேத்து அதப் பழுது பாத்தாங்க. பாக்கறதுக்கு ஓசியில கிடைக்கிற படம், ஆனா அதோட சுவர் நிக்கணும்னு சொந்தக் காசு போட்டிருக்காங்க.

எஜமான் இல்லாத பிணமும் அதே மாதிரி பரவுச்சு. ரொமேரோவோட விதிகள், அதாவது மெதுவா நடக்கும், மனுசக்கறி தின்னும், மண்டையில அடிச்சாத்தான் சாகும், கடி பட்டவனும் கொஞ்ச நேரத்துல எழுந்து வருவான், இதுக்கு யாரும் ராயல்டி கேக்க முடியாதுன்னு ஆச்சு. ஜப்பான்ல வீடியோ கேம் ஆச்சு, கொரியாவுல ரயிலுக்குள்ள ஏறுச்சு, 2016ல ஜெயம் ரவி நடிச்ச ‘மிருதன்’ல ஊட்டிக்கே வந்துடுச்சு. ஓட்டம், வேகம், வைரஸ்னு நிறைய மாறிடுச்சு. ரொம்ப மாறினதுல எனக்கு அவ்வளவா ஈடுபாடு இல்ல, வேகமா ஓடற பிணத்துக்கு முன்னாடி மனுசங்க நின்னு வாதம் பண்ண நேரம் இருக்காது, வாதம் இல்லாம இந்தக் கதையில என்ன இருக்கு.

இப்போ பென். டுவேன் ஜோன்ஸ் நடிச்சாரு. கதையில அந்தப் பாத்திரம் கறுப்பன்னு எழுதல, முரட்டு லாரி டிரைவர்னுதான் எழுதியிருந்தாங்க, தேர்வுல இவர்தான் நல்லா நடிச்சாருன்னு எடுத்ததா ரொமேரோ சொல்லியிருக்காரு. ஜோன்ஸ் படிச்சவர், ஆசிரியர் வேலை பாத்தவர், வசனத்த தனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாரு. ரொமேரோ நிறம் பத்தி யோசிக்கலன்னு சொல்லலாம், ஜோன்ஸ் யோசிக்காம இருந்திருக்க முடியாது, வெள்ளைக்காரப் பொண்ண அறையற சீன்ல அவருக்குத் தயக்கம் இருந்துச்சு, வெளிய தியேட்டர்ல உக்காந்து பாக்கப் போறவன் யாருன்னு அவருக்குத் தெரியும். பென் உயிரோட தப்பிக்கிற மாதிரி முடிவ மாத்தலாம்னு பேச்சு வந்தப்போ வேண்டாம்னவர்ல அவரும் ஒருத்தர். படத்த முடிச்சு பிரிண்ட கார்ல போட்டுக்கிட்டு ரொமேரோ நியூயார்க் போற ராத்திரி, ரேடியோவுல மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, 1968 ஏப்ரல் 4.

முடிவு என்னன்னா, விடிஞ்சதும் ஷெரிஃபும் துப்பாக்கி வச்சிருக்கிற ஊர்க்காரங்களும் வயல் வழியா பிணங்கள சுட்டுக்கிட்டே வர்றாங்க. நாய், காபி, சிரிப்பு, வேட்டைக்குப் போற மாதிரி. சத்தம் கேட்டு பென் செல்லார்ல இருந்து மேல வந்து ஜன்னல் வழியா பாக்குறான். ஒருத்தன் குறி பாத்து நெத்தியில சுடுறான். நெருப்புல போட இன்னொண்ணுன்னு ஷெரிஃப் சொல்றாரு. அதுக்கப்புறம் படம் ஓடாது, வெறும் போட்டோ போட்டோவா வரும், பத்திரிகையில அடிச்ச மாதிரி புள்ளிப் புள்ளியா, கறிக் கொக்கிய வச்சு பென்ன இழுத்துட்டுப் போறாங்க.

இத அபார்தைட்ங்கிற நிறவெறி ஆட்சிக் காலத்து தென்னாப்பிரிக்காவுல யோசிச்சுப் பாருங்க. இந்தியனுக்கு கிரே ஸ்ட்ரீட் பக்கம் தனி பயாஸ்கோப், வெள்ளையனுக்கு தனி, ஆப்பிரிக்கனுக்கு தனி, எந்தப் படத்த எந்த இனம் பாக்கலாம்னு கூட சென்சார் போர்டு முடிவு பண்ணலாம்னு 1963 சட்டம், டிவியே 1976ல தான் வந்துச்சு. ஒரு கறுப்பன் வெள்ளைக்காரங்க நிறைஞ்ச வீட்டுல நின்னு இங்க நான் சொல்றதுதான்னு சொல்றான், துப்பாக்கி அவன் கையில இருக்கு, படம் அதப் பத்தி ஒரு வார்த்தை கூட பேசல. எங்க அண்ணன் முதல் தடவை பாத்தப்போ பிணங்கள விட அதத்தான் வெறிச்சுப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லுவாரு. ‘அந்தப் பொண்ண விடு, பென்னப் பாரு. யாரு கிட்டயும் பெர்மிஷன் கேக்கல பாத்தியா.’ கறுப்பர்கள் பாஸ் புக்குங்கிற அனுமதிப் புத்தகம் இல்லாம தெருவுல நடக்க முடியாத நாட்டுல உக்காந்துட்டு அதப் பாத்தவங்களுக்கு, அது எந்த அரசியல் கூட்டத்த விடவும் பெருசு.

ஆனா 2021க்கு அப்புறம் நாங்க இந்த முடிவ வேற மாதிரி பாக்க வேண்டி வந்துடுச்சு, இதச் சொல்லாம இந்தக் கட்டுரைய எழுத எனக்கு மனசு வரல. அந்த ஜூலைல முன்னாள் ஜனாதிபதி ஜூமாவ ஜெயில்ல போட்டதும் கலவரம் வெடிச்சு க்வாஸூலு-நேட்டால்லயும் கௌட்டெங்லயும் 350 பேருக்கு மேல செத்தாங்க. கடைகள் எரிஞ்சுது, போலீஸ் வரல, இந்தியர்கள் இருக்கிற ஏரியாக்கள்ல ஜனங்க தெருவ மறிச்சு ராத்திரி பகலா காவல் நின்னாங்க. பயம் நிஜம், அத நான் குறை சொல்லல, பிள்ளைங்கள உள்ள வச்சுக்கிட்டு புகைய பாத்துட்டு உக்காந்திருந்தவங்களுக்குத்தான் அது தெரியும். ஆனா ஃபீனிக்ஸ் பக்கத்துல மட்டும் 36 பேர் செத்தாங்கன்னு அரசாங்கமே கணக்கு சொல்லுச்சு, பெரும்பாலும் கறுப்பினத்தவங்க, அதுல வெறுமனே ரோட்டுல போனவங்களும் இருந்தாங்க, மறிச்சவங்க இவன் யாரு எங்க போறான்னு பாக்கல, நிறத்த பாத்தாங்க. எல்லாரும் அப்படி இல்ல, காப்பாத்தினவங்களும் நம்மாளுங்கதான், ஒரே தெருவுல ரெண்டும் நடந்துச்சு.

அந்த வருஷக் கடைசில மறுபடி எல்லாரும் சேர்ந்து படத்தப் போட்டோம். கூப்பர் வர்ற இடத்துல வழக்கமா கத்துற கூட்டம், அன்னைக்கும் கத்துச்சு. ஷெரிஃப் ஆளுங்க வயல்ல வரிசையா வர்றப்போ ஒருத்தன் எழுந்து, இத நிறுத்துங்கன்னான். இன்னொருத்தன், அவன் தம்பி அந்த ஜூலைல ராத்திரி காவல் நின்னவன், இல்ல ஓடட்டும் நான் பாக்கணும்னான். இத்தனை வருஷமா நாங்க பென் பக்கம் உக்காந்துதான் படம் பாத்தோம், ஜன்னலுக்கு உள்ள. வெளிய துப்பாக்கியோட நிக்கிறவனும் நல்லவன்தான், ஊரக் காப்பாத்தத்தான் வந்தான், ராத்திரி முழுக்க தூங்கல, ஜன்னல்ல தெரியறது ஆளா பிணமான்னு ஒரு விநாடி கூட பாக்கல. அவன் முகத்துல வெறி கூட இல்ல. ரொமேரோ அவன வில்லனா காட்டவே இல்லங்கிறது அன்னைக்குத்தான் எங்களுக்கு உறைச்சுது. உத்தரவு போட மந்திரவாதி இல்லாத உலகத்துல, சுட்டதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா, சுட்டவன்தான், வேற யார் மேலயும் போட முடியாது. பழைய ஸோம்பிப் படத்துல பழி மில் ஓனர் மேல போகும், அந்தப் பழி நியாயமும் கூட. இதுல போக்கிடம் இல்ல.

ரொமேரோ 2017ல டொரண்டோவுல செத்தாரு. டுவேன் ஜோன்ஸ் 1988லயே போயிட்டாரு, இந்தப் படத்தோட பேரால மட்டும் தன்ன ஞாபகம் வச்சுக்கிறதுல அவருக்கு இஷ்டம் இல்ல, நாடகமும் பாடம் நடத்தறதும்தான் அவரோட வாழ்க்கை. 1999ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்கள் பட்டியல்ல இதச் சேத்துச்சு. ரொமேரோவோட கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் இப்போ பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு.

புதுசா பாக்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். நெட்டுல இலவசமா கிடைக்கிற காப்பி பாதி மோசம், வெளுத்துப் போய், மேல கீழ வெட்டி, சிலது கலர் அடிச்சு வேற வச்சிருக்காங்க, அந்தக் கலர் பக்கமே போகாதீங்க. நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம், ஒரிஜினல் கேமரா நெகட்டிவ்ல இருந்து 2016ல 4கேல சுத்தம் பண்ணது ஒண்ணு இருக்கு, அதத் தேடிப் பாருங்க. அதுல பிணங்களோட முகம் தனித்தனியா தெரியும், ஒவ்வொருத்தரும் போட்டிருக்கிற உடுப்பு தெரியும், யார் தூக்கத்துல செத்தாங்க, யார் ஆஸ்பத்திரில செத்தாங்கன்னு கூட சொல்லிடலாம். பென் சுடப்பட்டதும் படம் முடிஞ்சுதுன்னு ஆஃப் பண்ணிடாதீங்க, பேர் ஓடும்போது பின்னாடி வர்ற அந்த போட்டோக்கள கடைசி நெருப்பு வரைக்கும் பாருங்க.